பகு எண் என்று தெரிவது வேறு, காரணி தெரிவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மெர்சென் எண்கள் (2இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வருபவை) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் இரண்டு திருத்தங்கள்.

முதலாவது, பார்த்தால் அச்சுப்பிழை போலத் தெரியும். ஆனால் அச்சுப்பிழை அல்ல. 2இன் 67ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது 147573952589676412927. பெட்டிச் செய்தியில் 147573952589676000000 என்றிருக்கிறது. எக்செல் 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்துக்குப் பூஜ்யம் போட்டுவிடும். அங்கிருந்து நகலெடுத்தது போலிருக்கிறது. பூஜ்யத்தில் முடிவதைப் பகு எண் என்று சொல்ல ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போதுமே! நிரல் எழுதுபவர்களும் கவனிக்க வேண்டும்: எண்ணை மிதவைப் புள்ளி (float) வகையில் வைத்தால் கடைசி 7 என்பது 8 ஆகி, ஒற்றைப்படை எண் இரட்டைப்படை ஆகிவிடும். முழு எண் வகையில் வைத்தால் பைத்தான் நிரல்மொழியில் 21 இலக்கமும் சரியாக வரும்.

இரண்டாவதுதான் முக்கியம். "இது பகா எண் அல்ல என்று 1903இல் கோல் நிறுவினார்" என்பது தவறு. 1644இல் மெர்சென் பகா எண் பட்டியலில் சேர்த்துவிட்டுப்போன இதை, அப்படி அல்ல என்று 1876இலேயே பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா காட்டிவிட்டார். அவரிடம் ஒரு காரணிகூட இல்லை. அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் தந்தது காரணிகளை: 193707721 × 761838257287.

காரணியே இல்லாமல் எப்படிச் சொல்வது? சிறிய எண்ணில் பார்க்கலாம். 2இன் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, 2047. லூக்காவின் வழியைக் கணிதவியலாளர் லெமர் பின்னாளில் எளிமையாக்கினார். அதன்படி 4இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து, 2 கழித்து, 2047ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கு 11 என்பதால் 9 முறை: 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண். வந்தது 1736, ஆகவே பகு எண். 2047 என்பது 23 × 89. ஆனால் அந்த 1736ஐ எப்படி உற்றுப் பார்த்தாலும் 23 கிடைக்காது. இடையில் ஒரு கழித்தல் தவறினாலும் பெரும்பாலும் பூஜ்யமல்லாத ஏதோ ஒன்றுதான் வரும், அதுவும் 'பகு எண்' என்றே படிக்கப்படும். அதனால் இருமுறை போட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது.

காரணி தேடுவதற்கு வேறு கணக்கு. 2இன் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைவான நம் எண்ணின் எந்தக் காரணியும், 67இன் இருமடங்கான 134இன் மடங்கைவிட ஒன்று அதிகமாக இருக்கும். 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும். 193707721 என்பது 134இன் 14,45,580ஆவது மடங்குடன் ஒன்று. 8இன் விதி பாதியைத் தள்ளிவிடும். 3, 5, 7ஆல் வகுபடுபவற்றையும் தள்ளினால் மிஞ்சுவது சுமார் 3.3 லட்சம் எண்கள். கணினிக்கு இது கண்சிமிட்டும் வேலை, கையால் போடுபவருக்கு ஆயுள் போதாது.

கோலின் பெருக்கலைச் சோதிக்க விரும்புவோர் இலக்கங்களைக் கூட்டி 9ஆல் வகுக்கலாம்: இரு காரணிகளுக்கும் மீதி 1, பெருக்குத் தொகைக்கும் 1. இலக்கம் இடம் மாறியிருந்தால் இது காட்டிக்கொடுக்காது. 11ஆல் வகுத்துப் பார்த்தால் மீதிகள் 9, 8. அவற்றின் பெருக்கம் 72, அதன் மீதி 6. பெரிய எண்ணுக்கும் 6தான். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

லூக்காவுக்கும் கோலுக்கும் இடையே 27 ஆண்டுகள். 2இன் 16384ஆம் அடுக்குடன் ஒன்றைக் கூட்டி வரும் 4933 இலக்க பெர்மா எண்ணுக்கோ இன்னும் நீண்ட காத்திருப்பு. அது பகு எண் என்று 1960களிலேயே தெரிந்துவிட்டது. முதல் காரணி அகப்பட்டது 2010இல், 54 இலக்கங்களுடன். அந்தக் காரணியால் வகுத்தபின் மிஞ்சுவதும் பகு எண்தான். அதை இன்னும் யாரும் உடைக்கவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்