மூடின ரூம்ல கொசுவர்த்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தா டெங்கு பத்தி தினம் செய்தி போடுறீங்க, நல்லது தான், ஆனா கொசுவுக்குப் பயந்து நாமளே வீட்டுக்குள்ள கொளுத்தி வைக்கிற கொசுவர்த்திச் சுருளோட புகையைப் பத்தி அவ்வளவா வர்றதில்ல, அதான் எழுதுறேன்.

நாங்க இருக்கிறது கால்வாய் ஓரம். சாயங்காலமே ஜன்னலைச் சாத்திட்டு, பத்துக்குப் பத்து ரூம்ல கட்டிலுக்கு அடியில சுருளைக் கொளுத்தி வெச்சிட்டுத் தான் படுப்போம். காலையில எழுந்தா தட்டுல சாம்பல் அதே சுருள் வடிவத்துல கிடக்கும், தலையணை உறையை மோந்து பார்த்தா அந்த வாசனை போகவே போகாது. என் பையனுக்கு நாலு வயசு. ராத்திரியானா இருமல், நெஞ்சுல உய் உய்னு சத்தம், மாசத்துல ரெண்டு தடவையாவது நெபுலைசர் வைக்கத் தூக்கிட்டு ஓடுவோம். குளிர்ச்சினு சொல்லி பாவம் வாழைப்பழம் தயிர் எல்லாத்தையும் நிறுத்தினோம், கடைசியில ஒரு டாக்டரம்மா தான் "ராத்திரி ரூம்ல என்னம்மா கொளுத்துறீங்க"ன்னு கேட்டாங்க.

2003ல வந்த ஒரு ஆராய்ச்சியில சீனா, மலேசியா சுருள்களை எரிச்சு அளந்து பார்த்திருக்காங்க. ஒரு சுருள்ல இருந்து வர்ற நுண்துகள் 75ல இருந்து 137 சிகரெட்டுக்கு சமமாம், ஃபார்மால்டிஹைடுங்கிற நச்சு வாயு 51 சிகரெட் அளவு வரைக்கும் போகுமாம். அந்த ஃபார்மால்டிஹைடு மனுஷனுக்குப் புற்றுநோய் தரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லயே சொல்லிடுச்சு. சுருள்ல கொசு மருந்து நூத்துல ஒரு பங்கு கூட கிடையாது, மிச்சமெல்லாம் மரத்தூளும் தேங்காய் ஓட்டுத் தூளும் பசையும் தான், அதை விடிய விடிய தலைமாட்டுல எரிய விடுறோம்.

காத்தோட்டமான இடத்துல பயன்படுத்துங்கன்னு பாக்கெட்ல பொடி எழுத்துல போட்டிருக்கு. ஜன்னலைத் திறந்தா கொசு வரும்னு தானே சார் சுருளே வாங்குறோம்? சிகரெட் அட்டையில பெருசா போடுற மாதிரி இதுலயும் தமிழ்ல பெருசா போடணும். அதை விட மோசம், பதிவு எண்ணே இல்லாம பெட்டிக்கடையில தொங்குற கொசு ஊதுபத்தி. பூச்சிக்கொல்லி எதுவா இருந்தாலும் 1968 சட்டப்படி பதிவு பண்ணித் தான் விக்கணும், இதை யாரும் கேக்குற மாதிரி தெரியல.

வாடகை வீடு, ஆணி அடிக்க முடியாது, அதனால ஜன்னலுக்கு ஒட்டுற வலை வாங்கி ஒட்டிட்டோம், பையன் கொசுவலைக்குள்ள தூங்குறான். ரெண்டு மாசமா நெபுலைசர் பக்கம் போகல. டெங்கு செய்தி போடும்போது இதையும் நாலு வரி சேர்த்துப் போடுங்க, கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரங்க கண்ணுல படட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, வட சென்னை