தொலைநோக்கியின் கேமராவைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு மாணவர் பக்கத்தில் விண்வெளிப் படங்கள் அழகாக வருகின்றன. ராக்கெட், கண்ணாடி, செலவு எல்லாம் எழுதுகிறீர்கள். படத்தைப் பிடித்த கேமராவைப் பற்றி மட்டும் ஒரு வரி இருப்பதில்லை. பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 27 ஆண்டுகள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, சிப்புகளில் தங்கக் கம்பி ஒட்டியவள் நான். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

நான்காம் படிவம் படிக்கும் என் பேத்திக்காகத் தேடியபோதுதான், கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரான தொலை அகச்சிவப்பைப் படம்பிடிக்கும் கேமராவின் கதை தெரிந்தது. விண்மீன்கள் தூசு மேகங்களுக்குள் பிறக்கின்றன. அந்தத் தூசு, கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கிவிட்டுத் தொலை அகச்சிவப்பாக வெளியே விடுகிறது. காற்றிலுள்ள நீராவி அதைத் தடுத்துவிடும். பினாங்குப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். அதனால்தான் விண்வெளிக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கேயும் கேமரா கொஞ்சம் சூடாக இருந்தால் அதுவே தொலை அகச்சிவப்பில் ஒளிரும். அப்புறம் பட்டப்பகலில் மின்மினி தேடுகிற கதைதான்.

ஐரோப்பியர்கள் 2009 மே மாதம் ஏவிய ஹெர்ஷல் தொலைநோக்கியில், கேமராக்களில் ஒளியை உணரும் சிப்புகளான உணரிகளைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு (அதற்குக் கீழே குளிரே கிடையாது) வெறும் 0.3 டிகிரி மேலே வைத்திருந்தார்கள். 2013 ஏப்ரலில் குளிரூட்டிய திரவ ஹீலியம் தீர்ந்தது, ஆய்வும் நின்றது. 3.5 மீட்டர் கண்ணாடி இருந்தும் பயனில்லை. அதற்கு ஈடாக இன்னொன்று இன்னும் மேலே போகவில்லை. ஜப்பானும் ஐரோப்பாவும் சேர்ந்து திட்டமிட்ட ஸ்பைகா தொலைநோக்கியும் 2020இல் கைவிடப்பட்டது.

இப்போது நம்பிக்கை தருவது கைனெடிக் இண்டக்டன்ஸ் டிடெக்டர் என்ற புது வகை உணரி. சிலிக்கான் மேல் மெல்லிய அலுமினியப் படலம். கடும் குளிரில் அது மின்சாரத்தைத் தடையே இல்லாமல் விடும் மீக்கடத்தி ஆகிவிடும். ஒளி பட்டதும் உள்ளே ஜோடியாக ஓடும் எலெக்ட்ரான்கள் பிரியும், அந்தப் படலத்தில் செய்த மின்சுற்று அதிரும் அதிர்வெண் சற்றே நகரும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனிச் சுருதி வைத்துவிடுவதால், நூற்றுக்கணக்கான புள்ளிகளை ஒரே கம்பியில் கேட்கலாம். கம்பி கூடக் கூட வெளிச்சூடு உள்ளே இறங்கும் என்பதால் இது பெரிய விஷயம். சிப்பின் ஒவ்வொரு காலுக்கும் ஒரு கம்பி என்று ஆயுள் முழுக்க ஒட்டிய எனக்கு, இதைப் படித்த அன்று தூக்கமே வரவில்லை. நாசா 2024 அக்டோபரில் விரிவான ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த இரண்டு திட்டங்களில் ஒன்றான ப்ரிமா என்ற தொலை அகச்சிவப்புத் தொலைநோக்கி, இந்த வகை உணரியைத்தான் நம்பியிருக்கிறது.

1972இல் இங்கே சுதந்திர வர்த்தக மண்டலம் வந்ததிலிருந்து நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் சிப் வேலை பார்த்திருக்கிறார்கள்! அந்த உணரிகளையும் தூசியில்லா அறையில்தான் செய்கிறார்கள். அவற்றிலும் மயிரிழைக் கம்பி ஒட்டுகிறார்கள். "பாட்டி, நீங்க செஞ்ச வேலையா இது?" என்று பேத்தி கேட்டாள். அதற்குப் பிறகு இயற்பியலை விட்டுவிடுகிறேன் என்ற பேச்சே அவளிடம் இல்லை.

அடுத்த முறை ஒரு விண்மீன் மண்டலத்தின் படம் போடும்போது, அதைப் பிடித்தது எந்த உணரி, எவ்வளவு குளிரில் வேலை செய்தது என்று கீழே இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊழியர்,
பாயான் பாரு, பினாங்கு