சாம்பலுக்கும் ஒரு பெர்மிட் வையுங்கள்: மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் தலைவருக்கும், வன்னியில் வேலை செய்யும் உங்கள் அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் ஓமந்தைப் பக்கம் சீமெந்துக் கல் அரிந்து விற்பவன். வீட்டுத்திட்டங்கள் வந்த காலத்தில் தொடங்கிய தொழில். ஒரு மெஷின், ஒரு கிணறு, மூன்று வேலையாட்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிலக்கரி மின்நிலையச் சாம்பலைப் பற்றி எழுதப்போகும் இந்த விஷயத்தில் பிழையில் ஒரு பங்கு என்னுடையது.

போன புரட்டாசியில் ஒரு டிப்பர் வந்து கேற்றடியில் நின்றது. "அண்ணை, பிளான்ட் சாம்பல் இருக்கு, மணல் விலையில பாதி தாங்கோ" என்றான் பொடியன். எந்த பிளான்ட் என்று கேட்டேன். "கரண்ட் பிளான்ட்தான்" என்றான். அதற்கு மேல் அவனுக்கே தெரியாது போலிருந்தது. பற்றுச்சீட்டு இல்லை, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. மணல் விற்கிற விலையில் யார்தான் யோசிப்பார்கள்? பறிக்கச் சொல்லிவிட்டேன்.

ஒரு வாளியில் கொஞ்சம் அள்ளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். பெரும்பகுதி சேறாக அடியில் படிந்தது. மேலே வெள்ளையாக ஒரு படை மிதந்தது. தொட்டால் முகப்பவுடர் போல விரலில் ஒட்டியது. உள்ளே காற்று அடைபட்ட கண்ணாடி மணிகள் அவை, கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத அளவு சின்னவை என்று பிறகுதான் அறிந்தேன். வாளியின் அடியிலோ கறுப்பாக, கிரவல் போல, சொரசொரப்பான துண்டுகள். அப்படியென்றால் புகையோடு மேலே போய்ப் பிடிபடுகிற பறக்கும் சாம்பலும், உலையின் அடியில் விழுகிற அடிச்சாம்பலும் ஒன்றாகக் கலந்து வந்திருக்கிறது. அதை வைத்து அரிந்த கல் ஒரு கிழமை கழித்தும் பச்சையாகவே நின்றது. தூக்கினால் ஓரம் உதிர்ந்தது.

கல் போனால் போகட்டும். அயல்வீட்டு மாமா, "தம்பி, மிச்சத்தில கொஞ்சம் தா, கிடங்கு மூடவேணும்" என்று கேட்டார். கொடுத்தேன். அந்தக் கிடங்கு அவருடைய கிணற்றிலிருந்து 25 அடி வராது. பிறகு மாரி வந்தது. கிடங்கில் தண்ணீர் நின்று, சாம்பலில் ஊறி, நிலத்துக்குள் போனது. அதிலிருந்து எனக்குச் சரியாக நித்திரை இல்லை.

நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், குரோமியம், செலீனியம், போரன் எல்லாம் இருக்கும். எவ்வளவு என்பது எரித்த கரியைப் பொறுத்தது. சீமெந்தோடு நன்றாகச் சேர்ந்து இறுகிவிட்டால் அவை பெரும்பாலும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் பறக்கும் சாம்பலைச் சீமெந்து ஆலைகள் வாங்குவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல விஷயம்தான். ஆனால் அதே சாம்பலை வெறுமனே கிடங்கில் கொட்டி, அதன்மேல் மழையும் பெய்தால் கதை வேறு. ஒரே பொருள், கொட்டுகிற இடத்தைப் பொறுத்து இரண்டு பொருளாகிவிடுகிறது. உங்கள் கண்காணிப்பு ஆலையின் கேற்றோடு நின்றுவிடுகிறதோ என்பதுதான் என் சந்தேகம்.

வன்னியில் ஒரு டிப்பர் மணல் ஏற்றிப் பாருங்கள். பெர்மிட் எங்கே, எங்கிருந்து எங்கே, எத்தனை கியூப் என்று ஏ9 வீதியில் நாலு இடத்தில் மறிப்பார்கள். வாய்க்கால் மணலுக்கு இவ்வளவு பத்திரம். சாம்பல் டிப்பர் மட்டும் படங்கை இழுத்து மூடிக்கொண்டு தன்பாட்டில் வந்துவிட்டது.

மற்ற நாடுகள் என்ன செய்தன என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 2008 டிசம்பரில் டென்னசி மாநிலத்தின் கிங்ஸ்டன் என்ற இடத்தில், மின்நிலையச் சாம்பலைத் தண்ணீரோடு தேக்கிவைக்கிற சாம்பல் குளத்தின் அணை உடைந்து, 300 ஏக்கருக்கு மேல் சேறாக மூடியது. அதற்குப் பிறகும் விதி வர 2015 ஆகிவிட்டது. வந்தபோதும் அதை ஆபத்தான கழிவு என்று அவர்கள் வகைப்படுத்தவில்லை. அதற்காகப் போராடியவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனாலும் ஒன்று உருப்படியாகச் செய்தார்கள்: சாம்பல் குளங்களைச் சுற்றி நிலத்தடி நீரைச் சோதிக்க வேண்டும், முடிவை எல்லோரும் பார்க்க இணையத்தில் போட வேண்டும் என்றார்கள். இறுகாத சாம்பலை நிலத்தில் போடுவதற்கும் விதி உண்டு. வீதி வேலை தவிர்த்து, 12,400 தொன்னுக்கு மேல் போட்டால் கேடில்லை என்று காட்ட வேண்டும். எங்கள் டிப்பர் அந்தக் கணக்கில் தூசு. ஆகவே அந்த விதியை அப்படியே கொண்டுவந்தாலும் மாமாவின் கிணற்றுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

இந்தியா 1999 இலேயே சாம்பலுக்கு அறிவித்தல் போட்டது. 2021 இல், சாம்பல் முழுவதும் பயன்பட்டே ஆகவேண்டும், இல்லையென்றால் தொன்னுக்கு 1000 இந்திய ரூபா கட்டவேண்டும் என்று இறுக்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பள்ளமான நிலத்தை நிரப்புவதும் அங்கே "பயன்பாடு" என்ற கணக்கில் வருகிறது. மாமாவின் கிடங்கும் ஒரு பயன்பாடுதானே! சட்டம் இருந்தும் 2020 ஏப்ரலில் சிங்ரௌலியில் சாம்பல் அணை உடைந்து 6 பேர் செத்துப்போனார்கள்.

தூரத்துக் கதை வேண்டாம் என்றால் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் இருக்கிறது. அங்கே மின்நிலையத்துக் கழிவு எண்ணெய் கிணறுகளில் இறங்கிய வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா கட்டவேண்டும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிராளிகள் வரிசையில் உங்கள் அதிகாரசபையின் பெயரும் இருந்தது, மறந்திருக்க மாட்டீர்கள். அது எண்ணெய், தண்ணீரில் மிதந்தது, மணத்தது, அதனால் சனம் கண்டுபிடித்தது. ஆர்செனிக்குக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வவுனியாவில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் ஏற்கனவே இருக்கிறது. அது சாம்பலால் வந்தது என்று நான் சொல்லவரவில்லை. சாம்பல் வருமுன்னமே வந்த நோய் அது. ஆனால் தண்ணீரில் இன்னொரு சந்தேகத்தைத் தாங்குகிற நிலையில் நாங்கள் இல்லை.

சரி, என்ன கேட்கிறேன்? 2008 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளில் அட்டவணைக் கழிவை, அதாவது ஆபத்தானது என்று பட்டியலிட்ட கழிவை, ஏற்றிச் செல்ல உரிமம் வேண்டும் என்று இருக்கிறது. நிலக்கரிச் சாம்பல் அதற்குள் அடங்குமா இல்லையா என்று தமிழில் எழுதி ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒட்டுங்கள். ஆலையை விட்டுப் புறப்படும் ஒவ்வொரு டிப்பருக்கும் மணலுக்குப் போல ஒரு பெர்மிட் கொடுங்கள். எந்தச் சாம்பல், எங்கே போகிறது, சீமெந்தில் கலக்கவா நிலத்தில் கொட்டவா என்று அதில் இருக்கட்டும். கொட்டுவதற்கு என்றால் கிணற்றுக்கும் குளத்துக்கும் எத்தனை அடி தள்ளி என்பதையும் போடுங்கள். பொலிசாருக்கு மறித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, நல்ல பழக்கம் இருக்கிறது.

அப்புறம், மாமாவின் கிணற்றுத் தண்ணீரை யாராவது வந்து எடுத்துச் சோதியுங்கள். என்னுடையதையும்தான். வாங்கினவன் என்று எனக்குத் தண்டம் எழுதினாலும் கட்டுகிறேன். கால் டிப்பர் சாம்பல் இன்னும் வளவின் பின்பக்கம் படங்கு போட்டுக் கிடக்கிறது, மாதிரிக்கு வேண்டுமானால் அள்ளிக்கொள்ளலாம். கேற்றடியில் நாய் நிற்கும், குலைக்கும், கடிக்காது.

இப்படிக்கு,
ஓமந்தையிலிருந்து ஒரு கல் அரிபவன்