கட்டுவதற்கு முன்: மனநல வார்டு ஊழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சிஸ்டர்களே, பிரதர்களே, வார்டு உதவியாளர்களே,

மனநல வார்டில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நோயாளிகளைக் கட்டிப்போட்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். வெளி ஆள் யாராவது இதைச் சொன்னால், "ஒரு நாள் நைட் டூட்டி பார்த்துட்டு வந்து பேசட்டும்" என்று நாம் ஒதுக்கிவிடுவோம்.

ஒரு ராத்திரி, பெண்கள் வார்டில் நாற்பதுக்கு மேல் நோயாளிகள். நானும் ஓர் ஆயாவும் மட்டும். சேர்ந்து இரண்டு நாளே ஆன ஓர் அம்மா தூக்கம் வராமல் கட்டில் கட்டிலாகப் போய் எல்லாரையும் எழுப்பிக்கொண்டிருந்தார். யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. மூன்றாவது தடவை அவர் எழுந்தபோது ரோலர் பேண்டேஜை எடுத்து இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். "சிஸ்டர், கட்டாதீங்க, நான் படுத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விடிந்துதான் அவிழ்க்கப் போனேன். முடிச்சு இறுகிப்போய், கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியிருந்தது. கேஸ் ஷீட்டில், இரவு நன்றாகத் தூங்கினார் என்று எழுதினேன்.

சில வாரம் கழித்து அவர் தேறி வீட்டுக்குக் கிளம்பிய அன்று, பிரஷர் பார்க்கும் கருவியோடு அவர் பக்கத்தில் போனேன். என்னைப் பார்த்ததும், ஒன்றும் பேசாமல், இரண்டு மணிக்கட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து என் முன்னால் நீட்டினார்.

கட்டாயப்படுத்துவது பற்றி மனநல ஊழியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அளக்க, நார்வே ஆய்வாளர்கள் 15 கூற்றுகள் கொண்ட ஒரு வினாத்தாளை 2008இல் வெளியிட்டார்கள். கட்டாயப்படுத்துவது நோயாளியைப் புண்படுத்துகிறது, பாதுகாப்புக்கும் பராமரிப்புக்கும் அது தேவை, அதுவே ஒரு சிகிச்சை என்று மூன்று பார்வைகளாக அந்தக் கூற்றுகள் பிரிகின்றன. அந்தத் தாள் அன்று என் கைக்கு வந்திருந்தால் பாதுகாப்பு என்றுதான் டிக் அடித்திருப்பேன். மனசறிந்து பொய் சொன்னதாகவும் இருந்திருக்காது. யாருடைய பாதுகாப்பு என்ற கேள்வி அந்தக் கைகள் நீண்டபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று ராத்திரி எனக்கு வேண்டியிருந்தது கொஞ்ச நேர நிம்மதி, அவ்வளவுதான்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. அந்தச் செய்தியைக் கேட்டு எங்கள் டூட்டி ரூமில் அழாதவர்கள் இல்லை. சங்கிலி போட்டவர்களைச் சபித்தோம். நாமும்தானே கட்டுகிறோம், சங்கிலிக்குப் பதில் துணி என்று எங்களில் ஒருத்தருக்கும் அன்று தோன்றவில்லை.

2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அறவே தடை செய்துவிட்டது. தனியறையில் அடைப்பதையும் தடுத்தது. கட்டுவதற்கு 97ஆவது பிரிவு கடுமையான நிபந்தனை போட்டிருக்கிறது. நோயாளிக்கோ அடுத்தவருக்கோ உடனடி ஆபத்து இருந்து, தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவர் அனுமதித்தால் மட்டும்தான் கட்டலாம். எப்படி, எதற்கு, எவ்வளவு நேரம் என்று உடனே கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். மாதாமாதம் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும். இதில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது ஒரு வரியைத்தான்: ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காகக் கட்டக் கூடாது. என்னுடைய அந்த ராத்திரியைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருக்கிறது.

கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுவரில் மண்டையை மோதி ரத்தம் ஒழுக நின்ற ஒரு பையனை நாலு பேர் சேர்ந்து பிடித்துத்தான் ஊசி போட்டோம். விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டான். என்னோடு வேலை பார்த்த ஒருத்திக்கு, நோயாளி தள்ளிவிட்டதில் முறிந்த விரல் இன்றும் மடங்காது. உங்கள் பயம் எனக்குத் தெரியும். ஆனால் "சாப்பிடலைன்னா கட்டிடுவேன்", "மாத்திரையைத் துப்பினா ஊசிதான்" என்று நாளுக்கு எத்தனை தடவை சொல்கிறோம்? அதில் ஆபத்து எங்கே இருக்கிறது? தண்டனையாகவோ பயமுறுத்தவோ கட்டுவதை அதே பிரிவு எந்த நிலையிலும் அனுமதிக்கவில்லை. நமக்கோ அந்த மிரட்டல் வாய்ப்பழக்கமாகிவிட்டது. புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே நம்மைப் பார்த்து அதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

ராத்திரிக்கு ஆள் போதவில்லை என்றால் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லாதீர்கள், தேதி போட்டு எழுதி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கட்டினால் கட்டினேன் என்றே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அவிழ்த்த பிறகு பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஏன் கட்டினோம் என்று அவரிடம் சொல்லுங்கள், அவருக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.

நான் அந்த அம்மாவிடம் கேட்கவில்லை. நீட்டிய கைகளில் ஒன்றைப் பிடித்துப் பட்டையைச் சுற்றி, பிரஷரைக் குறித்துக்கொண்டு, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு மனநலச் செவிலியர்