கல்லூரி ஆசிரியர்களுக்கு, களியக்காவிளையிலிருந்து ஒரு மடல்

குமரி மாவட்டக் கல்லூரிகளில் வரலாறும் சமூகவியலும் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம். தனியாக வாழும் சமயக் கூட்டங்களைப் பற்றி எழுத மாணவர்களை நேரில் அனுப்பச் சொல்லவே இந்த மடல்.

என் அக்கா மகள் முதுகலை படிக்கிறாள். பாறசாலைக்கு அப்பால் ரப்பர் தோட்டத்துக்குள் சில குடும்பங்கள் சேர்ந்து வாழ்கின்றன. தனிச்சொத்து கிடையாது, எல்லாருக்கும் ஒரே அடுப்பு, தங்களுக்கென்று ஒரு வழிபாடு. ஆய்வேட்டை அவர்களைப் பற்றி எழுத ஆசைப்பட்டாள். வழிகாட்டி ஆசிரியர் சம்மதிக்கவில்லை. "அங்கெல்லாம் போகாதே மக்களே, மூளைச்சலவை செய்துவிடுவார்கள். பேப்பரில் வந்ததைத் தொகுத்து எழுது, போதும்" என்றாராம். தொகுத்தாள். ஒரு கோப்பு நிறைய 'மர்ம ஆசிரமம்', 'திடுக்கிடும் தகவல்'. அந்த அடுப்புக்கு அரிசி யார் வாங்குகிறார்கள் என்று ஒரு செய்தியிலும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். சமையல்கட்டுச் சுவரில் ஒரு கரும்பலகை, அதில் யார் யாருக்கு எந்த வேலை என்று பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் எழுதியிருந்தது. 'தேங்காய் துருவல்' என்பதற்கு எதிரே ஒரு பெயரை அடித்து இன்னொன்று எழுதி, அதையும் அடித்திருந்தார்கள். சொர்க்கத்திலும் தேங்காய் துருவ ஆள் கிடைக்காது போலிருக்கிறது! வெள்ளறடையைச் சேர்ந்த ஓர் அம்மாச்சி இரண்டு தடவை மகன் வீட்டுக்குத் திரும்பிப் போய், இரண்டு தடவையும் இங்கேயே வந்துவிட்டாராம். ஏன் என்று கேட்டால், "அங்கே சோறு உண்டு, பேச்சு இல்லை" என்றார். கணக்குப் புத்தகம் மட்டும் ஒரே ஒருவர் கையில். அதைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினார்கள். அதுதான் உண்மையிலேயே தோண்ட வேண்டிய இடம். 'மர்மம்' என்று எழுதிய ஒரு நிருபரும் அதைக் கேட்கவில்லை.

நீங்கள் இருப்பது எந்த மண்ணில் என்று கொஞ்சம் யோசியுங்கள். 1840களில் லண்டன் மிஷன் சபையார் இங்கிருந்து அனுப்பிய அறிக்கைகளில் முத்துக்குட்டி என்றொருவர் வருகிறார். அவர் சனங்களை ஏமாற்றுகிறவர், தங்கள் வேலைக்குப் பெரிய இடைஞ்சல் என்ற தொனியில் எழுதியிருக்கிறார்கள். திருவிதாங்கூர் அரசோ அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தது. அவர்தான் அய்யாவழி என்ற சமய இயக்கத்தைத் தொடங்கிய அய்யா வைகுண்டர். கடற்கரையில் 700 குடும்பங்கள் துவையல் தவசு இருந்ததாக அய்யாவழியினர் சொல்கிறார்கள். தினம் மூன்று வேளைக் குளியல், துணி துவைப்பு, ஒரு வேளைச் சோறு. சாதி பார்க்காமல் எல்லாரும் ஒன்றாக நீர் இறைத்த முத்திரிக்கிணறு இன்றும் சாமித்தோப்பில் இருக்கிறது. அன்று டிவி இருந்திருந்தால் அந்தத் தவசுக்கு என்ன தலைப்பு போட்டிருப்பார்கள்? 

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த இயக்கம் எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கு வெளியார் சாட்சியாக இன்று உதவுவது அதே மிஷன் அறிக்கைகள்தான். ஆகவே பேப்பர் துணுக்குகளை எறியச் சொல்லவில்லை. வெளியே இருந்தவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பது அவற்றில் தெரியும். உள்ளே என்ன நடந்தது என்பது தெரியாது, அவ்வளவுதான். மத்திய கேரளத்தில் பொய்கையில் யோகன்னான் தொடங்கிய பிரத்யக்ஷ ரக்ஷா தெய்வ சபையை உள்ளேயிருந்து காட்டுவது அதன் பாட்டுகள். அவற்றை அடிமைச் சாதிகளின் வரலாறாக இன்று ஆய்வாளர்கள் படிக்கிறார்கள்.

மூளைச்சலவைப் பயத்துக்கு வருகிறேன். ஐலீன் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் மூனிகள் எனப்படும் கொரியச் சமய இயக்கத்தாரோடு பல ஆண்டுகள் பழகி, 1984ல் ஒரு நூல் எழுதினார். 1979ல் லண்டன் பக்கம் அவர்களுடைய பயிற்சி முகாம்களுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வந்திருக்கிறார்கள். அதில் சுமார் 90 சதவீதம் பேர் சேரவே இல்லை. பிடித்தால் விடாத மந்திரம் என்றால் கணக்கு இப்படி வருமா? உட்கார்ந்து எண்ணியதால் தெரிந்த விஷயம் இது.

காது கொடுத்துக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வேக்கோ இருக்கிறது. 1993ல் அங்கே பிராஞ்ச் டேவிடியன் என்ற சமயக் குழுவின் குடியிருப்பைக் காவல் படை 51 நாள் முற்றுகையிட்டது. கோரேஷ் என்ற தலைவர் விவிலியத்தில் உலக முடிவைச் சொல்லும் ஏழு முத்திரைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். காவல் தரப்புக்கு அது வெறும் உளறல். இரண்டு சமய ஆய்வாளர்கள் அந்தப் பேச்சைப் புரிந்துகொண்டு அவரோடு பேச முயன்றார்கள். அந்த முத்திரைகளின் விளக்கத்தை எழுதி முடித்ததும் வெளியே வருகிறேன் என்று அவரும் சொன்னார். சாக்குப்போக்கு என்று தள்ளிவிட்டு, ஏப்ரல் 19 அன்று கவச வண்டிகளோடு உள்ளே நுழைந்தார்கள். அன்று மூண்ட தீயோடு 76 பேர் செத்தார்கள், குழந்தைகள் உட்பட. கோரேஷ் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. அவர் மேல் மோசமான குற்றச்சாட்டுகள் இருந்தன. ஆனாலும் அவர் பேசியது என்ன என்று விளங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஆகவே என் கோரிக்கை சின்னது. மாணவர்களை நேரில் அனுப்புங்கள், தனியாக வேண்டாம், இரண்டு பேராக. உள்ளே இருப்பவரிடமும் கேட்கட்டும், சண்டை போட்டு வெளியேறியவரிடமும் கேட்கட்டும். அப்புறம், சத்தமில்லாமல் விலகிப்போய் மார்த்தாண்டத்தில் கடை வைத்திருப்பவரை மறக்க வேண்டாம். அவரைத்தான் யாரும் தேடிப் போவதில்லை.

கார்த்திகையில் சாமித்தோப்பில், அய்யாவழியினரின் புனித நூலான அகிலத்திரட்டைப் படிக்கும் 17 நாள் ஏடு வாசிப்பு நடக்கும். பழக்கத்துக்கு முதலில் அங்கே வாருங்கள். ஆண்கள் தலையில் துண்டு கட்டித்தான் உள்ளே போக வேண்டும். மறந்து வந்தால் பரவாயில்லை, என்னிடம் இரண்டு துண்டு உண்டு.

இப்படிக்கு,
களியக்காவிளைக்காரன் ஒருவன்