பாட்டி ஷாட்டுக்கு வெட்கப்படும் பயிற்சியாளர்களுக்கு

கூடைப்பந்துப் பயிற்சியாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் அணியில் உயரமான பையன் ஒருவன் இருப்பான். ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பதில், அதாவது ரீபவுண்டில், அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் ஃபவுல் வாங்கி, யாரும் மறிக்காமல் வீசும் ஃப்ரீ த்ரோவுக்காகக் கோட்டில் போய் நின்றால் பத்துக்கு ஐந்துகூடத் தேறாது. எதிரணி கோச்சுக்கும் அது தெரியும். ஆட்டம் இறுகும்போது அவனைத்தான் பிடித்து இழுக்கச் சொல்வார். நீங்களும் வேறு வழியில்லாமல் அவனை வெளியே கூப்பிட்டு உட்கார வைப்பீர்கள். அவனுக்காகத்தான், ஃப்ரீ த்ரோவைக் கீழிருந்து வீசிய அமெரிக்க வீரர் ரிக் பேரியின் கதையை எடுக்கிறோம்.

பேரி 1944-இல் நியூஜெர்சியில் பிறந்தவர். மயாமி பல்கலைக்கழகத்துக்கு ஆடிய கடைசி ஆண்டில் ஆட்டத்துக்கு 37.4 புள்ளி எடுத்து நாட்டிலேயே முதலிடம். 1966-67 சீசனில் சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸுக்காக 35.6 எடுத்து, அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் முதலிடம். உடனே போட்டி லீக்கான ஏ.பி.ஏ.வின் ஓக்லண்ட் ஓக்ஸ் அணிக்குத் தாவினார். அங்கே கோச் அவருடைய மாமனார். வழக்கு வந்தது, நீதிமன்றம் ஒரு சீசன் முழுக்க ஆடவிடவில்லை. அடுத்த சீசனில் களமிறங்கி 34 சராசரியுடன் அங்கேயும் முதலிடம், 1969-இல் கோப்பை. கல்லூரி, என்.பி.ஏ., ஏ.பி.ஏ. மூன்றிலும் புள்ளிப் பட்டியலில் தலைமை வகித்தவர் அவர் ஒருவர்தான். 1972-இல் வாரியர்ஸுக்கே திரும்பி, 1975 இறுதிச் சுற்றில் வாஷிங்டன் புல்லட்ஸை நான்குக்கு நான்கு வென்றபோது தொடரின் சிறந்த வீரரும் அவரே.

இத்தனை செய்தவரைப் பற்றிப் பலருக்கும் நினைவிருப்பது ஒன்றுதான்: இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, இடுப்புக்குக் கீழிருந்து தூக்கி வீசுவார். அமெரிக்காவில் அதற்குக் கிண்டலாக ‘பாட்டி ஷாட்’ என்று பெயர். பள்ளிப் பருவத்தில் அப்பா கட்டாயப்படுத்தியபோது, பெண்பிள்ளைகள் வீசுவதுபோல இருக்கிறதே என்று பேரியும் முரண்டு பிடித்தவர்தான். அப்பா விடவில்லை. ஹூஸ்டன் ராக்கெட்ஸில் ஆடிய 1978-79 சீசனில் 169 ஃப்ரீ த்ரோவில் 160 உள்ளே போனது. ஒரு சீசன் முழுக்க ஒன்பதே தவறு! 1980-இல் ஓய்வு பெற்றபோது என்.பி.ஏ. ஆட்டங்களில் அவர் சராசரி கிட்டத்தட்ட 90 விழுக்காடு. அதுவரை அங்கே அதுவே உச்சம்.

‘பேரி எப்படி வீசினாலும் போட்டிருப்பார், கைராசி அப்படி’ என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். அவரை வைத்து மட்டும் இந்த முறையை நிரூபிக்க முடியாது. அதற்கு இன்னொரு என்.பி.ஏ. வீரரான வில்ட் சேம்பர்லைனைப் பாருங்கள். அதே ஆள், அதே கை. 1960-61-இல் ஃப்ரீ த்ரோவில் 50.4 விழுக்காடு. கீழிருந்து வீசிய 1961-62-இல் 61.3. ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த 1962 மார்ச் 2 அன்று 32-க்கு 28 போட்டார். பிறகு பழைய முறைக்குப் போனார். 1967-68-இல் 38-க்கு இறங்கிவிட்டது. கீழிருந்து வீசுவது பெண்மைத்தனமாகத் தோன்றியதால் விட்டுவிட்டதாகவும், அது தன் தவறென்றும் பின்னாளில் அவரே எழுதினார். ஆக, வில்ட்டைக் கோட்டில் தோற்கடித்தது கையல்ல, கூச்சம். பேரி அப்படிக் கூச்சப்படுகிற ஆளில்லை. சக வீரர்கள் பலருக்கே அவரைப் பிடிக்காது. யார் என்ன நினைத்தாலும் கவலையில்லை என்ற அந்தக் குணம் இந்த ஒரு விஷயத்தில் அவருக்குக் கைகொடுத்தது.

இனி செய்முறை. ஒரு தவறான நம்பிக்கையை முதலில் தள்ளிவிடுவோம். கீழிருந்து வீசினால் பந்து தானாக உயரமாக வளைந்து இறங்கும் என்பார்கள். இறங்காது. கை தாழ்ந்திருப்பதால் வேண்டுமென்றே உயர்த்தி வீசினால்தான் வளைவு வரும். ரிங்கின் விட்டம் 45.7 செ.மீ., பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. பந்து 45 டிகிரியில் இறங்கினால், அது வரும் திசையிலிருந்து பார்க்க ரிங்கின் வாய் 32 செ.மீ. அதுவே 30 டிகிரி என்றால் 23 செ.மீ.தான், எங்கும் படாமல் நுழையவே முடியாது. இந்த முறையின் உண்மையான லாபம் வேறு இரண்டு. ஒன்று, இரு கையும் ஒரே வேலையைச் செய்வதால் பந்து பக்கவாட்டில் விலகுவது குறையும். வழக்கமான ஷாட்டில் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். இதில் முழங்கைக்கு வேலையே குறைவு. இன்னொன்று பேக் ஸ்பின், அதாவது பந்து பின்னோக்கிச் சுழல்வது. ரிங்கில் பட்டாலும் பந்து துள்ளி ஓடாமல் செத்து விழும்.

கால்கள் தோள் அகலத்தில் நேராக இருக்கட்டும். உள்ளங்கைகள் பந்தின் இரு பக்கமும், கட்டைவிரல்கள் மேலேயும் வரட்டும். கட்டைவிரல் அழுத்தக் கூடாது. கைகள் தொடைக்கு முன்னால் தளர்ந்து தொங்க, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, முழங்கால் நிமிர்வதும் கை உயர்வதும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். கடைசியில் மணிக்கட்டை மேல்நோக்கிச் சுண்டி விடுங்கள், பந்து நம் பக்கமாகச் சுழலும்.

எங்கே கெடும்? பையன்கள் பந்தைக் கால் இடுக்குவரை கொண்டுபோவார்கள். வீச்சு நீளமாகி, விடும் நேரம் ஒவ்வொரு முறையும் மாறும். சீக்கிரம் விட்டால் பந்து தட்டையாகப் போய் ரிங்கில் இடிக்கும். தாமதமாக விட்டால் செங்குத்தாக ஏறி ரிங்குக்கு முன்னாலேயே விழும். ஒரு கை மட்டும் பலமாகச் சுண்டினால் பந்து பம்பரமாகப் பக்கவாட்டில் சுற்றும். இதைக் கண்டுபிடிக்கப் பந்தைச் சுற்றி ஒரு பட்டை வண்ண டேப் ஒட்டி, அதை நேர் மேல்கீழாகப் பிடித்து வீசச் சொல்லுங்கள். பட்டை ஒரே கோடாகத் தெரிந்தால் சரி, தள்ளாடினால் கையில் கோளாறு. வீச்சின் வேகத்தில் உடம்பு முன்னே சாய்ந்து, பந்து ரிங்கைத் தொடும் முன்பே கால் கோட்டைத் தாண்டும் ஆபத்தும் உண்டு. பந்து உள்ளே போனாலும் புள்ளி செல்லாது, ஜாக்கிரதை.

கோட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இரண்டு மீட்டரில் ஐம்பது வீசட்டும், சுழற்சி நேரான பிறகு அரை மீட்டர் பின்னால் போகட்டும். சீசன் நடுவில் மாற்றாதீர்கள், ஓய்வு மாதங்களில் தொடங்குங்கள். கணக்கு எடுக்கும்போது தொடர்ந்து ஐம்பது வேண்டாம். கோர்ட்டை இரண்டு முறை ஓடிவிட்டு, மூச்சு வாங்க வாங்க இரண்டிரண்டாக. ஆட்டத்தில் அப்படித்தானே கிடைக்கும்?

எல்லோரையும் மாற்றச் சொல்லவில்லை. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் போடுபவனை விட்டுவிடுங்கள். பேரியின் மகன்களில் மூவர் என்.பி.ஏ. வரை போனார்கள், மூவரும் எல்லோரையும் போலத்தான் வீசினார்கள். கடைசி மகன் கேன்யன் மட்டும் அப்பா வழியில் வந்து, 2016-17-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்காகத் தொடர்ந்து 42 ஃப்ரீ த்ரோ போட்டார்.

2016 ஜனவரியில் என்.பி.ஏ.வின் டெட்ராய்ட் அணி வீரர் ஆந்த்ரே டிரம்மண்ட் ஒரே ஆட்டத்தில் 36 ஃப்ரீ த்ரோவில் 23 தவறவிட்டார். அந்த நிலையில் உங்கள் பையன் இருந்தால், இரண்டு ஷாட்டுக்கு ஒரு புள்ளிகூடத் தேறாத அந்த முறையை அவனிடமிருந்து எடுத்துவிடுவதால் என்ன நஷ்டம்? சிரிப்பார்கள் என்பதுதான் தடை என்றால், முதல் நாள் அணி முழுவதும் பார்க்க நீங்கள் பத்து வீசுங்கள். பாதி தவறும், சிரிப்பார்கள். பிறகு பந்தை அவன் கையில் கொடுங்கள்.