ஃப்ரீமான்ட்டிலிருந்து அப்பாவுக்கு: போஸி கையில் ஜயன்ட்ஸ்

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா
9 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முட்டிவலியும் அம்மாவின் சுகரும் எப்படி இருக்கின்றன? போனில் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கோம்" என்று முடித்துவிடுகிறீர்கள். நான் சொல்வதிலும் பாதி உங்கள் காதில் விழுவதில்லை என்று அம்மா புகார் சொல்கிறாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்துத் தரும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். கொண்டுவந்து கொடுக்காவிட்டால் திட்டுங்கள்.

இன்று இங்கே சூப்பர் பௌல், அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டம். மாலை மூன்றரைக்கு மேல் தெருவில் ஈ காக்கை இருக்காது. மாப்பிள்ளை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அந்த ஆட்டம் ஒரு மண்ணும் புரியாது. ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள், எழுகிறார்கள், உடனே விளம்பரம் வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் ஆட்டம் என்றால் பேஸ்பால்தான், அதற்குக் காரணம் உங்கள் பேரன்.

அன்றைக்கு அவன் உங்களிடம் "ஸ்னெல் போய்ட்டான் தாத்தா" என்று புலம்ப, நீங்கள் ஸ்கூல் சிநேகிதன் என்று நினைத்து, "போனா போறான், வேற பையனோட விளையாடு" என்று சொன்னீர்களாமே! இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். ஸ்னெல் என்பவர் பிட்சர், பந்து வீசுகிறவர். இருப்பவர் யார், போனவர் யார், வந்தவர் யார் என்று இந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. நவம்பரில் ஐபிஎல் ஏலத்தை நீங்கள் இரண்டு நாளும் டிவியை விட்டு நகராமல் பார்த்தீர்கள் இல்லையா, ரிஷப் பந்த்துக்கு 27 கோடி என்றதும் சோற்றுத் தட்டோடு எழுந்து நின்றீர்கள் என்று அம்மா சொன்னாள். அந்தக் கூத்து இங்கே இரண்டு நாளில் முடியாது. அக்டோபர் கடைசியில் சீசன் முடிந்தால் பிப்ரவரி வரை நடக்கும். மேடை, சுத்தியல் எதுவும் கிடையாது. ஏஜென்ட்டும் அணி நிர்வாகியும் போனில் பேசுவார்கள், நடுராத்திரியில் ஒரு செய்தி கசியும், காலையில் பள்ளிக்கூட வாசலில் அதுதான் பேச்சு. ஆறு வருடம் பெரிய லீக்கில் ஆடிவிட்டால் ஆட்டக்காரர் தன் இஷ்டப்படி எந்த அணிக்கும் போகலாம். அதற்கு முன்னால் அணி வைத்தால் இருக்க வேண்டும், விற்றால் போக வேண்டும். அணி மொத்தம் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற உச்சவரம்பும் இல்லை. ஓர் அளவைத் தாண்டினால் அபராத வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்த வருடம் அந்த அளவு 24.1 கோடி டாலர்.

எங்கள் அணி சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ். பரம எதிரி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். இரண்டும் முன்பு நியூயார்க்கில் இருந்தவை. 1958இல் ஒன்றாகவே கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தன, சண்டையையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிட்டன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் 30 அன்று ஜயன்ட்ஸ் தன் தலைமை நிர்வாகியை நீக்கியது. அவர் பெயர் ஃபர்ஹான் ஜைதி. பாகிஸ்தானியக் குடும்பம், கனடாவில் பிறப்பு, பிலிப்பைன்ஸில் வளர்ப்பு, எம்ஐடியில் படிப்பு, பெர்க்லியில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம். 2018 கடைசியில் பொறுப்பேற்றார். 2021இல் அணி 107 ஆட்டம் ஜெயித்தது, ஜயன்ட்ஸ் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். ஆனால் அதற்குப் பிறகு வந்த மூன்று வருடங்களில் 81, 79, 80 என்று பாதிக்குப் பாதியிலேயே நின்றுவிட்டது. ஒரு வருடம் 162 ஆட்டம், அதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள்.

ஜைதியின் வழி முழுக்க எண்கள். இடதுகை பிட்சர் வந்தால் ஒரு கூட்டம் ஆடும், வலதுகை என்றால் இன்னொரு கூட்டம். வேறு அணிகள் கழித்துவிட்ட ஆட்களைப் பொறுக்கி எடுத்து, நாலு நாள் வைத்திருந்து, சரிப்படவில்லை என்றால் அனுப்பிவிடுவார். மாப்பிள்ளைக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும், அவர் தொழிலே அதுதானே. பக்கத்து வீட்டுப் பெரியவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. "மைதானத்துக்குப் போனா யார் யாருன்னே தெரியல, பேர் மனப்பாடம் ஆகறதுக்குள்ள ஆள் மாறிடுது" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. 2010இல் தொடங்கி 2017 வரை, தொடர்ந்து 530 ஆட்டங்களுக்கு ஒரு டிக்கெட் மிச்சமில்லாமல் விற்ற மைதானம் அது. இப்போது புதன்கிழமை மாலையில் போனால் முன்வரிசைக்குப் பின்னாலேயே காலி நாற்காலி தெரிகிறது. பெரிய பெயர்களைக் கொண்டுவர ஜைதி முயற்சி செய்யாமலும் இல்லை. ஆரன் ஜட்ஜ் வரவில்லை, ஓட்டானி வரவில்லை. கார்லோஸ் கொரேயாவுடன் 13 வருடம், 35 கோடி டாலர் என்று பேசி முடித்து, அறிமுக நிகழ்ச்சி நடக்கவேண்டிய நேரத்தில் மருத்துவப் பரிசோதனையில் சிக்கல் என்று அதுவும் உடைந்தது. நிச்சயம் நின்றுபோன வீட்டு ஆட்களைப் பார்ப்பதுபோல ஜயன்ட்ஸை ஊரே பாவமாகப் பார்த்தது.

ஜைதியின் இடத்துக்கு வந்தவர் பஸ்டர் போஸி. இதே அணியின் கேட்சர், நம் விக்கெட் கீப்பர் மாதிரி. 2010, 2012, 2014 மூன்று உலகக் கோப்பைகளிலும் இருந்தவர். 'உலகம்' என்று இவர்களாகவே சொல்லிக்கொள்கிறார்கள், அதை விடுங்கள். 2011இல் ஒருவன் ஓடிவந்து மோதியதில் கால் எலும்பு உடைந்தது. அப்படி மோதுவதற்கே பிறகு லீக் தடை விதித்தது. மறுவருடம் திரும்பிவந்து லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். எனக்கு அவரைப் பிடித்துப்போன காரணம் வேறு, இதை அம்மாவிடமும் சொல்லுங்கள். 2020இல் அவரும் மனைவியும் தத்தெடுத்த இரட்டைப் பெண் குழந்தைகள் குறைப்பிரசவத்தில் பிறந்தவை. கோவிட் நேரத்தில் அவர்களுக்கு ஆபத்து என்று அந்த சீசனையே ஆடாமல் வீட்டில் இருந்துவிட்டார். மறுவருடம் அந்த 107 வெற்றியில் அபாரமாக ஆடி, 34 வயதிலேயே ஓய்வு பெற்றார். அப்புறம் அணியில் பங்கு வாங்கி முதலாளிகளில் ஒருவரானார். தோனி ஆட்டத்தை விட்டபிறகு சென்னை அணியின் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுவதையும் அவர் கையில் கொடுத்தால் சேப்பாக்கம் என்ன ஆகும்? அதுதான் இங்கே நடந்தது. நிர்வாக வேலையில் அனுபவம் பூஜ்யம், ஊருக்கு அதைப் பற்றிக் கவலையும் பூஜ்யம்.

பொறுப்பேற்ற அன்று அவர் பேசியதன் சாரம், நாம் நினைவுகளை உண்டாக்கும் தொழிலில் இருக்கிறோம் என்பது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. தனக்கு உதவியாகப் பொது மேலாளர் பதவிக்கு ஸாக் மினாசியனை உயர்த்தினார் போஸி. இவருடைய அண்ணன் ஏஞ்சல்ஸ் அணியில் அதே பதவியில் இருக்கிறார். தீபாவளிக்கு வீட்டில் கூடினால் என்ன பேசிக்கொள்வார்களோ என்று எனக்குத் தோன்றியது, அவர்களுக்கு ஏது தீபாவளி.

இனி உங்கள் பேரனின் துக்கம். பிளேக் ஸ்னெல் ஆகஸ்டில் ஓர் ஆட்டம் முழுவதும் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் வீசினார். நம்மவனுக்கு அன்றிலிருந்து அவர் கடவுள். ஒப்பந்தத்தில் ஒரு வருடத்தில் விலகலாம் என்ற ஷரத்து இருந்தது, விலகினார், டாட்ஜர்ஸ் 5 வருடத்துக்கு 18.2 கோடி டாலர் கொடுத்து அள்ளிக்கொண்டது. போஸி போட்டிக்கே போகவில்லை. அடுத்த வாரமே மில்வாக்கி அணியின் வில்லி அடாமஸை எடுத்தார். எவ்வளவுக்கு தெரியுமா? அதே 18.2 கோடி டாலர், ஆனால் 7 வருடம். நம் பணத்தில் சுமார் 1,580 கோடி. ஜயன்ட்ஸ் இதுவரை யாருக்கும் இவ்வளவு எழுதியதில்லை. முந்தைய சாதனை 2013இல் போஸிக்குக் கொடுத்த ஒப்பந்தம்தான், தன் சாதனையைத் தானே உடைத்திருக்கிறார்.

இது நல்ல முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது. பிட்சர் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் ஆடுவார், தோள் போனால் வருடமே போச்சு. அடாமஸ் ஷார்ட்ஸ்டாப், உள்வட்டத்தில் பந்து தடுக்கிறவர், தினமும் களத்தில் நிற்பவர், போன வருடம் 32 ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி. பக்கத்தில் மூன்றாவது பேஸில் மேட் சாப்மன், அவருக்கும் 6 வருடம், 15.1 கோடி டாலர். பதவிக்கு வருவதற்கு முன்பே அதைப் பேசி முடித்ததில் போஸிக்குப் பெரிய பங்கு என்று பத்திரிகைகள் எழுதின. ஆக, வாரத்தில் எந்த நாள் போனாலும் இந்த இரண்டு முகங்களையும் பார்க்கலாம். மாப்பிள்ளை ஒத்துக்கொள்ள மாட்டார். 29 வயதுக்காரருக்கு 7 வருடம் என்றால் கடைசி இரண்டு வருடம் வீண் என்கிறார். இருக்கட்டுமே.

ஜனவரியில் எடுத்த முடிவுதான் எனக்குப் புரியவில்லை. ஜஸ்டின் வெர்லாண்டர், இந்த மாதம் 42 வயது முடிகிறது. ஒரு வருடத்துக்கு ஒன்றரைக் கோடி டாலர். ஒரு காலத்தில் மகா வீச்சாளர், 262 வெற்றி, 300ஐத் தொட வேண்டும் என்கிறார். போன வருடம் காயமும் அடியும்தான் மிச்சம். 2012 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் இதே சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் பந்தை நம் அணியின் சாண்டோவல் இரண்டு முறை ஹோம் ரன்னாக அடித்தார், அன்றைக்கு ஜயன்ட்ஸின் கேட்சர் போஸி. அந்த ஆளைப் பன்னிரண்டு வருடம் கழித்துத் தன் அணிக்கே கூப்பிட்டிருக்கிறார். இதே வேலையை ஜைதி செய்திருந்தால் ஊர் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கும். போஸி செய்ததால் "அனுபவம் வேணும்ல" என்கிறார்கள்.

போன வாரம் இன்னொன்று. டெய்லர் ராஜர்ஸ், டைலர் ராஜர்ஸ் என்று அச்சு அசலாக ஒரே முகத்தில் இரட்டைச் சகோதரர்கள், இருவரும் ஜயன்ட்ஸ் பிட்சர்கள். டெய்லர் இடதுகை. டைலர் வலதுகை, பந்து தரையை உரசுகிற மாதிரி கையைக் கீழே கொண்டுபோய் வீசுவார், பார்க்கவே வேடிக்கை. டெய்லரின் சம்பளம் இந்த வருடம் 1.2 கோடி டாலர், அதைக் குறைக்க அவரைச் சின்சினாட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். அதிலும் பாதியை இவர்களே கட்டுகிறார்கள். கணக்குப்படி சரி. ஆனால் நினைவுகளை உண்டாக்குகிறவர் அண்ணன் தம்பியைப் பிரித்ததை என் மகளால் தாங்க முடியவில்லை.

அப்பா, நான் இதையெல்லாம் இவ்வளவு கூர்ந்து படிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. போனில் சொன்னால் அம்மா பயப்படுவாள் என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை ஆபீசிலும் டிசம்பரில் மேலே புது ஆள் வந்திருக்கிறார். வந்தவர் தன் ஆட்களை வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். இவர் குழுவில் மூன்று பேருக்கு ஒரே காலையில் லாப்டாப் லாக் ஆகிவிட்டது, மெயில்கூட அப்புறம்தான் வந்தது. அதில் ஒருவர் நம் விருதுநகர்ப் பக்கத்துப் பையன், மனைவி நிறைமாதம். எச்1பி விசாவில் வேலை போனால் 60 நாள்தான், அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். மாப்பிள்ளை பெயர் பட்டியலில் இல்லை. இப்போதைக்கு இல்லை என்றுதான் அவரே சொல்கிறார். ராத்திரி படுக்கும்போது போனில் ஜயன்ட்ஸ் செய்தியைப் பார்க்கிறாரா, ஆபீஸ் மெயிலைப் பார்க்கிறாரா என்று எனக்கு முகத்தை வைத்தே தெரிந்துவிடும். நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஆறு மாதச் செலவுக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். இந்த வருடம் வீடு வாங்கும் பேச்சை மட்டும் தள்ளிப்போட்டிருக்கிறோம்.

ஏப்ரலில் பள்ளி விடுமுறை நாளொன்றில் ஆட்டத்துக்குப் போவதாக இருக்கிறோம். பார்ட் ரயிலில் எம்பார்க்கடெரோ வரை போய், அங்கிருந்து கடலோரமாக நடந்தால் மைதானம். வலது பக்கச் சுவருக்கு அந்தப்புறம் தண்ணீர்தான். சிலர் படகில் உட்கார்ந்து விழுகிற பந்துக்காகக் காத்திருப்பார்கள். ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும், கடல்காற்று அப்படி. கில்ராய் பூண்டைத் தட்டிப்போட்டு ஓர் உருளைக்கிழங்கு வறுவல் விற்கிறார்கள், அரங்கம் முழுக்க அந்த வாசனை. ஆட்டம் முடியும் நேரத்தில் கடற்காக்கைகள் வந்து மிச்சத்தைக் கொத்தும், மணி பார்த்து வந்ததுபோல. அம்மாவுக்குக் குளிர் ஆகாது, உங்களுக்குப் பிடிக்கும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். அவர் பாதி ஜயன்ட்ஸ், பாதி ஓக்லண்ட் ஏஸ். ஓக்லண்ட் அணி செப்டம்பரோடு ஊரையே காலி செய்துவிட்டது, இந்த வருடம் சாக்ரமென்டோ பக்கம் ஆடப்போகிறது. பழைய பச்சைத் தொப்பியை இன்னும் போட்டுக்கொண்டுதான் குப்பைத் தொட்டியை வெளியே தள்ளுகிறார். அவரிடம் மட்டும் இப்போது யாரும் அணிப் பேச்சு எடுப்பதில்லை.

நீங்கள் பதில் எழுத வேண்டும், தம்பியிடம் சொல்லி அடிக்க வைத்தாலும் சரி. அஸ்வினை 9.75 கோடிக்குச் சென்னை திரும்ப எடுத்ததே, அது ஆட்டத்துக்காகவா, பாசத்துக்காகவா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று மாப்பிள்ளை கேட்கச் சொன்னார். முட்டிக்கு அந்த டாக்டர் சொன்ன எக்ஸ்ரேயை இந்த வாரமே எடுத்துவிடுங்கள், பணம் அனுப்பியாகிவிட்டது. தம்பி ஜூனில் வரும்போது அவனிடம் மோர்மிளகாய் மட்டும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள், ஊறுகாய் வேண்டாம், போன தடவை பெட்டியெல்லாம் எண்ணெய்.

அன்பு மகள்